எந்தச் சட்டப் புத்தகம் வாங்குவது? வீட்டுப் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாருங்கள்

சட்டப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞர் பதில்

கேள்வி: என் மகள் சட்டக் கல்லூரியில் படிக்கிறாள். இந்தப் பருவத்தில் சொத்துச் சட்டம் ஒரு பாடம். கடையில் 240 ரூபாய்க்கு ஒரு கைடு இருக்கிறது. 900 ரூபாய்க்குப் பெரிய புத்தகமும் இருக்கிறது. ‘கைடு போதும், பாஸ் ஆகிவிடலாம்’ என்று சீனியர்கள் சொல்கிறார்களாம். இரண்டு ஏக்கர் மானாவாரி வைத்திருக்கும் எனக்கு 900 ரூபாய் பெரிய தொகை. எதை வாங்கித் தருவது? நல்ல புத்தகம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு விவசாயி, கள்ளக்குறிச்சி மாவட்டம்.

பதில்: பட்டா, பத்திரம் பற்றியே கேள்விகள் வரும் இந்தப் பக்கத்துக்கு, படிக்கிற பிள்ளைக்காக வந்த கேள்வி இது. பதில் சொல்வதற்கு முன், நான் கைடு படித்து பாஸ் ஆன கதையைச் சொல்லிவிடுகிறேன்.

நான் சட்டம் படித்தது 1990-களில். சொத்துச் சட்டத்துக்கு ஒரு கைடு மட்டும் வாங்கினேன். சொத்து மாற்றுச் சட்டம் 54-ஆம் பிரிவு, கிரயம் என்றால் என்ன என்பதை மனப்பாடமாக எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். அந்தப் பொங்கல் விடுமுறையில் என் தாய்மாமா ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து காட்டினார். பக்கத்து ஊரில் முக்கால் ஏக்கர் வாங்கியிருந்தார். முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டு, 20 ரூபாய் பத்திரத்தில் எழுதி வாங்கியிருந்தார். ஆறு மாதத்துக்குள் கிரயம் செய்து தருவதாக அதில் இருந்தது. ‘கடலை அறுவடை முடியட்டும்’ என்று விற்றவரே நிலத்தை வைத்திருந்தார். ‘எழுத்துல இருக்கு, சாட்சி இருக்கு, ஒண்ணும் ஆகாது மாமா’ என்று சொல்லிவிட்டேன்.

விற்றவர் இறந்துபோனார். அவருடைய பிள்ளைகள், ‘அப்பா வாங்கின காசு எங்களுக்குத் தெரியாது’ என்றார்கள். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசிப் பேசியே நான்கு வருடம் ஓடிப்போனது. அதற்குள் நிலத்தை வேறொருவருக்குக் கிரயம் செய்து கொடுத்துவிட்டார்கள். மாமாவின் கையில் இருந்தது கிரயப் பத்திரம் அல்ல, கிரய உடன்படிக்கை. அந்தக் காகிதம் மட்டும் நிலத்தின் மேல் எந்த உரிமையையும் தராது என்று நான் மனப்பாடம் செய்த அதே 54-ஆம் பிரிவுதான் சொல்கிறது. கிரயம் செய்து தரச் சொல்லி வழக்குப் போட, குறித்த தேதியிலிருந்து மூன்று வருடம்தான் கெடு என்பது காலவரையறைச் சட்டத்தில் இருக்கிறது. என் கைடில் அது இல்லை. அது ‘வேறு பாடம்’. முன்கூட்டிக் கொடுத்த பணத்துக்கு அந்த நிலத்தின் மேலேயே வாங்குபவருக்குப் பற்று உண்டு என்று 55-ஆம் பிரிவு சொல்வதையும், பல வருடம் கழித்து ஒரு நல்ல புத்தகத்தில்தான் படித்தேன். அப்போது மாமா இல்லை.

அதனால்தான் சொல்கிறேன். தேர்வில் பாஸ் ஆவதற்கு கைடு போதும் என்பது உண்மைதான். ஆனால், ஒரு காகிதத்தைப் பார்த்ததும் ‘இது என்ன பத்திரம், இதில் என்ன குறை, எத்தனை நாளைக்குள் என்ன செய்ய வேண்டும்’ என்று சொல்லும் கண் வேண்டுமானால் அதற்குப் பாடநூல் வேண்டும். 900 ரூபாய் விலை போட்டிருப்பதெல்லாம் நல்ல பாடநூல் என்றும் நினைத்துவிடாதீர்கள். கடையில் நின்றபடியே உங்கள் மகள் ஐந்து விஷயங்களைப் பார்க்கட்டும்.

1. சட்ட வாசகம் தனியாக, விளக்கம் தனியாக

சொத்து மாற்றுச் சட்டம் 1882-ல் வந்தது. கிரயம், அடமானம், குத்தகை, பரிவர்த்தனை, தானம் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. ஒரு பிரிவைச் சொல்லும்போது அந்தப் பிரிவின் வாசகத்தை அப்படியே அச்சிட்டு, அதன் கீழே விளக்கம் தரும் புத்தகமே நல்லது. ‘இந்தப் பிரிவின் சாரம் இதுதான்’ என்று ஆசிரியரின் சொல்லை மட்டும் தரும் புத்தகத்தை நம்ப முடியாது. ‘மற்றும்’, ‘அல்லது’ என்ற ஒரு சொல்லில் வழக்கே மாறிப்போகும்.

இதோடு ‘பேர் ஆக்ட்’ எனப்படும் வெறும் சட்டப் புத்தகத்தையும் கட்டாயம் வாங்குங்கள். விலை குறைவு. பாடநூல் இல்லாமல் பேர் ஆக்ட் புரியாது. பேர் ஆக்ட் இல்லாமல் பாடநூல் சொல்வது சரியா என்று பார்க்க முடியாது.

2. வழக்கின் கதையைச் சொல்கிறதா?

மோசமான புத்தகம் வழக்கின் பெயரையும் ஆண்டையும் எழுதிவிட்டு, தீர்ப்பை ஒரே வரியில் முடித்துவிடும். நல்ல புத்தகம், யாருக்கு என்ன பிரச்னை, என்ன எழுதிக்கொண்டார்கள், எங்கே தவறு நடந்தது என்று சொல்லிவிட்டுத் தீர்ப்புக்கு வரும்.

கடையில் சோதிக்க ஒரு வழக்கு சொல்கிறேன். 1958-ல் உச்ச நீதிமன்றம் தீர்த்த சாந்தாபாய் வழக்கு. அந்த அம்மாவின் கணவருக்குக் காடுகள் இருந்தன. 1948-ல், பதிவு செய்யாத ஒரு பத்திரத்தில், 26,000 ரூபாய்க்கு, பன்னிரண்டரை வருடம் அந்தக் காட்டில் மரம், விறகு, மூங்கில் வெட்டி எடுக்கும் உரிமையை மனைவிக்கு எழுதிக் கொடுத்தார். பிறகு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. காடு அரசிடம் போனது. ‘மரம் வெட்டும் உரிமை எனக்கு இருக்கிறதே’ என்று அந்த அம்மா உச்ச நீதிமன்றம் போனார்.

மரம் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்பது அங்கே கேள்வியானது. அசையாச் சொத்து என்றால் பதிவு வேண்டும். ஆனால், சொத்து மாற்றுச் சட்டத்தின்படி ‘அறுவைக்கு நிற்கும் மரமும், வளரும் பயிரும், புல்லும்’ அசையாச் சொத்தில் சேராது. நீதிபதி விவியன் போஸ் இதை அழகாகப் பிரித்துக் காட்டினார். அறுத்துப் பயன்படுத்தும் பக்குவத்தில் நின்று, சீக்கிரமே வெட்டப்படப்போகும் மரம் என்றால் அது அறுவை மரம். தொடர்ந்து மண்ணின் சத்தை உறிஞ்சி வளரப்போகிற மரம் நிலத்தோடு சேர்ந்தது. பன்னிரண்டரை வருடத்துக்கு உரிமை என்றால் எல்லா மரமும் இன்றைக்கே வெட்டத் தயாராக இல்லை என்றுதானே அர்த்தம்? எனவே அது அசையாச் சொத்து தொடர்பான உரிமை. பதிவு இல்லாததால் பத்திரம் நிற்கவில்லை.

பதிவுச் சட்டத்தையும் சேர்த்துப் படித்தால் இன்னும் சுவாரசியம். மரத்தில் இருக்கும் காய்கனியும், மரத்தில் ஊறும் சாறும் அந்தச் சட்டத்தில் அசையும் சொத்து. அதாவது தொங்கும் மாங்காய் அசையும் சொத்து. காய்ப்புக்காக நிற்கும் மாமரம் அசையாச் சொத்து. வியாபாரி நாளைக்கு வெட்டப்போகும் முற்றிய தேக்கு மறுபடி அசையும் சொத்து. தோப்பை ஏலத்துக்கு விடும் வீட்டுப் பிள்ளைக்கு இதை ஒருமுறை சொன்னால் போதும், மறக்காது. இந்த வழக்கின் பெயரைத் தேடிப் பாருங்கள். கதை இருந்தால் அந்தப் புத்தகத்துக்கு ஒரு மதிப்பெண்.

3. முரண்படுவது போலத் தெரியும் பிரிவுகளைச் சேர்த்துக் காட்டுகிறதா?

அப்பா உயிரோடு இருக்கும்போதே, ‘அவருக்குப் பிறகு எனக்கு வரப்போகும் பங்கு’ என்று மகன் விற்க முடியாது. 6-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. ஆனால் 43-ஆம் பிரிவில் சட்டமே ஓர் உதாரணம் தருகிறது. அப்பாவிடமிருந்து பாகம் பிரிந்த மகன், மூன்று வயல்களைத் தன்னுடையவை என்று சொல்லி விற்கிறான். அதில் ஒன்று பாகத்தில் அப்பா தனக்கென்று வைத்துக்கொண்டது. பிறகு அப்பா இறந்து அந்த வயல் மகனுக்கே வந்து சேர்கிறது. வாங்கியவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யாமல் இருந்தால், ‘அந்த மூன்றாவது வயலையும் கொடு’ என்று கேட்கலாம்.

ஒரு பிரிவு முடியாது என்கிறது, இன்னொன்று முடியும் என்கிறதே என்று மாணவர் குழம்புவார். ‘வருங்காலத்தில் வரலாம்’ என்று தெரிந்தே வாங்கினால் 6-ஆம் பிரிவு தடுக்கும். ‘இப்போதே என்னுடையது’ என்று விற்றவர் சொன்ன பொய்யை நம்பிப் பணம் கொடுத்தவரை 43-ஆம் பிரிவு காக்கும். குடகுப் பகுதியிலிருந்து வந்த ஜும்மா மசூதி வழக்கில் 1962-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. இரண்டு பிரிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்த வேறுபாட்டைச் சொல்லும் புத்தகம் மாணவரை யோசிக்க வைக்கும். 6-ஐ ஒரு மூலையிலும் 43-ஐ இன்னொரு மூலையிலும் சொல்லி, இரண்டையும் கோக்காமல் விடுவது கைடு எழுதும் முறை.

4. எந்த ஆண்டுப் பதிப்பு?

பழைய புத்தகக் கடையில் பாதி விலைக்குக் கிடைக்கும். வாங்கலாம், தவறில்லை. ஆனால், பதிப்பு ஆண்டைப் பார்க்காமல் வாங்காதீர்கள். நான்கு விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

• 2011, சூரஜ் லேம்ப் வழக்கு: பவர் பத்திரம், விற்பனை ஒப்பந்தம், உயில் ஆகியவற்றை மட்டும் வைத்து நிலம் கைமாறாது. பதிவு செய்த கிரயப் பத்திரம் வேண்டும்.

• 2014, சிங் ராம் வழக்கு: அனுபவத்துக்கு விட்டு ஒத்தி வைத்த நிலத்தை மீட்கும் உரிமை, 30 வருடம் கடந்துவிட்டது என்ற காரணத்தால் மட்டும் அழிந்துவிடாது.

• 2020, வினீதா சர்மா வழக்கு: இந்து கூட்டுக் குடும்பப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பிறப்பிலேயே பங்கு உண்டு. 2005 செப்டம்பர் 9 அன்று தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை. இது வாரிசுரிமைப் பாடத்தில் வரும்.

• 2024 ஜூலை 1 முதல், 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய சாட்சிய அதினியம் நடைமுறையில் இருக்கிறது. பத்திரத்தை நீதிமன்றத்தில் நிரூபிப்பது பற்றிப் பேசும் பக்கங்களில் பிரிவு எண்கள் மாறியிருக்கும்.

முதல் மூன்றும் இல்லாத புத்தகத்தை எடைக்குப் போட்ட விலைக்குத் தந்தாலும் வாங்காதீர்கள். நான்காவது மட்டும் இல்லை என்றால் பேனாவால் திருத்திக்கொள்ளலாம்.

5. தமிழ்நாட்டையும் விவசாயத்தையும் பார்க்கிறதா?

இங்கேதான் நல்ல புத்தகங்களும் சறுக்குகின்றன. பெரும்பாலான பாடநூல்கள் நாடு முழுவதற்கும் எழுதப்படுபவை. குத்தகை அத்தியாயத்தில் வீட்டு வாடகை, கடை வாடகை என்று ஐம்பது பக்கம் ஓடும். கடைசியில் 117-ஆம் பிரிவு, ‘விவசாயக் குத்தகைக்கு இந்த அத்தியாயம் பொருந்தாது’ என்று முடித்துவிடும். மாநில அரசு தனியாக அறிவித்தால்தான் பொருந்தும். நம் ஊர்ச் சாகுபடிக் குத்தகைதாரருக்கு 1955-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டமும், 1956-ஆம் ஆண்டு நியாய வாரச் சட்டமும் தனியாக இருக்கின்றன. நல்ல புத்தகம் குறைந்தபட்சம், ‘இந்த விஷயத்துக்கு உங்கள் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள்’ என்று கை காட்டும்.

பதிவும் அப்படித்தான். தமிழ்நாட்டில் 2012-ல் செய்த திருத்தத்தின்படி கிரய உடன்படிக்கையையும், அசையாச் சொத்துக்கான பவர் பத்திரத்தையும் பதிவு செய்தாக வேண்டும். வட இந்தியப் பதிப்பகத்தின் புத்தகத்தில் இது இல்லாமல் போகலாம். மகளுடைய ஆசிரியரிடம் கேட்டு, தமிழ்நாட்டுத் திருத்தங்களுடன் வரும் பதிவுச் சட்டப் புத்தகத்தை நூலகத்தில் எடுக்கச் சொல்லுங்கள்.

ஆசிரியர் பெயர் கேட்பீர்கள். முல்லாவின் பெயரில் வரும் பெரிய விளக்கவுரை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு உரியது. மாணவருக்கு இப்போது வேண்டாம், நூலகத்தில் புரட்டினால் போதும். பூனம் பிரதான் சக்சேனா, ஆர்.கே. சின்ஹா, அவதார் சிங், வேபா சாரதி ஆகியோரின் புத்தகங்கள் மாணவர்களிடம் புழங்குகின்றன. இதில் எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லமாட்டேன். மேலே சொன்ன ஐந்தையும் வைத்துப் பார்த்து, உங்கள் மகளுக்கு எது படித்தால் புரிகிறதோ அதை வாங்குங்கள்.

வீட்டில் செய்யும் சோதனை

புத்தகம் வந்ததும் உங்கள் டிரங்குப் பெட்டியிலிருந்து மூலப் பத்திரத்தின் நகலை எடுத்து மகளிடம் கொடுங்கள். இந்தக் கேள்விகளுக்குப் பத்திரத்தையும் புத்தகத்தையும் வைத்து அவள் பதில் எழுதட்டும்.

இது கிரயமா, செட்டில்மெண்டா, பாகப்பிரிவினையா, விடுதலைப் பத்திரமா? எழுதிக் கொடுத்தவருக்கு அந்த உரிமை எங்கிருந்து வந்தது? தானமாக எழுதியது என்றால், கொடுத்தவர் உயிரோடு இருக்கும்போதே வாங்கியவர் ஏற்றுக்கொண்டாரா, இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போட்டிருக்கிறார்களா? நான்கெல்லை இன்றைக்கும் பொருந்துகிறதா? கிணற்றில் பங்கு, வண்டிப்பாதை, வாய்க்கால் பற்றி எழுதியிருக்கிறதா? எழுதவில்லை என்றால் அந்த உரிமை எதிலிருந்து வருகிறது?

கடைசிக் கேள்விக்குச் சொத்து மாற்றுச் சட்டத்தில் மட்டும் முழுப் பதில் கிடைக்காது. 1882-லேயே வந்த வசதியுரிமைச் சட்டத்துக்குப் போக வேண்டும். இருபது வருடம் தடையில்லாமல், உரிமையாக, வெளிப்படையாக நடந்துவந்த பாதை எப்படி உரிமையாகிறது என்பது அங்கே இருக்கிறது. அந்த இடத்துக்கு வழிகாட்டும் புத்தகம் உங்கள் காசுக்குத் தகும்.

*

கேள்வி: நான் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவன். சட்டப் புத்தகத்தின் ஆங்கிலம் தலை சுற்றுகிறது. ஒரு பத்தியை நான்கு முறை படிக்க வேண்டியிருக்கிறது. கைடு மட்டும்தான் புரிகிறது. என்ன செய்வது?
– ஒரு சட்ட மாணவர், சிவகங்கை மாவட்டம்.

பதில்: தம்பி, நான்கு முறை படிப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. அது 1882-ஆம் ஆண்டு ஆங்கிலம். ஆங்கில வழியில் படித்தவருக்கும் தலை சுற்றும். ஆனால், அவருக்குத் தெரியாத ஒன்று உனக்குத் தெரியும். அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் விஷயத்தை நீ உன் ஊரில் பார்த்திருக்கிறாய்.

ஒரு நோட்டு போடு. இடது பக்கம் புத்தகச் சொல், வலது பக்கம் உன் பாட்டி சொல்லும் சொல். ‘யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ்’ என்று படிக்கும்போது பயமாக இருக்கும். கடன் தந்தவர் நிலத்தை அனுபவித்துக்கொண்டு, விளைச்சலை வட்டிக்குப் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் அது. உன் ஊரில் அதற்கு ஒத்தி என்று பெயர். ‘ஈஸ்மென்ட்’ என்பது பக்கத்துக் காட்டு வழியாக நம் வண்டி போகும் உரிமை. ‘என்கம்பரன்ஸ்’ என்பது வில்லங்கம். ‘ரிலீஸ் டீட்’ என்பது அத்தைமார்களிடம் வாங்கும் விடுதலைப் பத்திரம். ‘லிஸ் பெண்டன்ஸ்’ என்றால், வழக்கு நடக்கும்போது நிலத்தை வாங்கியவரையும் தீர்ப்பு கட்டும் என்பது. ‘வழக்குல கெடக்குற காட்ட வாங்காத’ என்று ஊரில் சொல்வதும் இதைத்தான்.

இன்னொரு வழி. சட்ட உதாரணங்களில் ‘ஏ’ என்பவர் ‘பி’-க்கு விற்றார், ‘சி’ வந்தார் என்று இருக்கும். அந்த எழுத்துகளை அடித்துவிட்டுப் பெரியப்பா, சித்தப்பா, கடைக்காரர் என்று எழுதிப் படித்துப் பார். பாதி குழப்பம் தீர்ந்துவிடும். வாக்கியம் சின்னதாக இருக்கும் பாடநூலைத் தேர்ந்தெடு. கைடைத் தேர்வுக்கு முந்தின நாள் திருப்பிப் பார்க்க வைத்துக்கொள். முதல் வாசிப்பு மட்டும் அதில் வேண்டாம்.

*

கேள்வி: இந்தப் பாடநூல்களை விவசாயிகளே வாங்கிப் படித்து, நிலப் பிரச்னையைத் தீர்த்துக்கொள்ள முடியாதா?
– ஒரு வாசகர், ஈரோடு மாவட்டம்.

பதில்: படிக்கலாம். ஆனால், அதை மட்டும் நம்பி வழக்கில் இறங்க வேண்டாம். பட்டா மாறுதல், வரைபடம், நில உச்சவரம்பு, கெடு நாள்கள் எல்லாம் வேறு வேறு சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. பட்டா வைத்திருப்பதாலேயே நிலத்துக்கு உரிமையாளர் ஆகிவிட முடியாது என்பது பல வழக்குகளில் சொல்லப்பட்ட விஷயம். அதுவே பல சொத்துச் சட்டப் பாடநூல்களில் இருக்காது. பிரச்னை வந்தால் வழக்கறிஞரைப் பாருங்கள். செலவுக்கு வழியில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழுவை அணுகுங்கள்.

வீட்டில் சட்டம் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்னொரு வேலை இருக்கிறது. மாலையில் பக்கத்தில் உட்கார்ந்து, ‘இன்றைக்கு என்ன படித்தாய்?’ என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த ஒத்தியையும் பாகப்பிரிவினையையும் சொல்லுங்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத உதாரணங்கள் உங்களிடம் இருக்கின்றன.

கள்ளக்குறிச்சி வாசகருக்கு இன்னொரு வார்த்தை. உங்கள் மகள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைப் படிக்கும்போது, 1989-ல் தமிழ்நாடும் 2005-ல் மத்திய அரசும் செய்த திருத்தங்களுக்கு வருவாள். 1989 மார்ச் 25-க்கு முன் திருமணமான பெண்களுக்குத் தமிழ்நாட்டுத் திருத்தம் பங்கு தரவில்லை. 2005 திருத்தம் அந்த வேறுபாட்டை வைக்கவில்லை. ‘அப்படியானால் அத்தைக்கு? எனக்கு?’ என்று அவள் கேட்கலாம். பேச்சை மாற்றிவிடாதீர்கள். பத்திரத்தை எடுத்து வைத்து இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். 900 ரூபாய் கொடுத்து வாங்கிய புத்தகம் அப்போதுதான் உங்கள் வீட்டுக்கு வேலை செய்ய ஆரம்பிக்கும்.

(அடுத்த இதழில்: ‘பொதுக் கிணற்றில் எனக்கு நாலில் ஒரு பங்கு. மோட்டார் வைக்க மற்ற பங்காளிகள் விட மறுக்கிறார்கள்’ என்ற கேள்விக்குப் பதில். உங்கள் கேள்விகளைப் பத்திர நகலுடன் அனுப்புங்கள். அசலை அனுப்ப வேண்டாம்.)